எழிலரசி வீட்டு வெள்ளிக்கிழமை

மாசி மாதத்து முதல் வெள்ளிக்கிழமை, கடலூர் தேவனாம்பட்டினத்தில் எழிலரசியின் வீட்டுக்குள் சூரியன் மேற்கு ஜன்னலில் உதித்தது. அந்த வெள்ளிக்கிழமை வைகாசி கடைசி வரை முடியவில்லை. தெருவில் மற்ற வீடுகளுக்குச் சனி வந்தது, ஞாயிறு வந்தது. தண்ணீர் லாரி வழக்கம்போலத் திங்களும் வியாழனும் வந்து போனது. எழிலரசி வீட்டில் மட்டும் வாசற்படி தாண்டி உள்ளே வந்தால் வெள்ளிக்கிழமை. வெளியே இறங்கினால் ஊரின் கிழமை. வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள். கணவன் வினோத்குமார் விசைப்படகில் வேலைக்குப் போனான். அவன் தாய் ராணியம்மாள் துறைமுகத்தில் மீன் எடுத்து, மணலில் காயவைத்து, கருவாடாக விற்றாள். எழிலரசி அரசாங்க எழுத்தர் வேலைக்கான தேர்வுக்குப் படித்தாள்.

ஐந்து முறை எழுதியிருந்தாள். ஐந்தாவது முறை ஒரே ஒரு கேள்வியில் போயிற்று. கீழ்க்கண்டவற்றுள் விண்மீன் அல்லாதது எது என்று கேட்டிருந்தார்கள். சூரியன், வெள்ளி, திருவாதிரை, துருவம் என்று நான்கு விடைகள். எழிலரசியின் அப்பா கட்டுமரக்காரர். அவர் வானத்தில் மின்னும் எல்லாவற்றையும் வெள்ளி என்றே சொல்வார். கப்பல் வெள்ளி, கூட்டு வெள்ளி, விடிவெள்ளி. அவர் வீட்டில் விண்மீன் என்று ஒரு சொல்லே கிடையாது. வெள்ளி என்றால் விண்மீன்தான் என்பதில் எழிலரசிக்குச் சந்தேகம் இருக்கவில்லை. சூரியனுக்கு நேரே வட்டத்தைக் கருப்பாக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். சிதம்பரம் மேலவீதியில், ஒரு தேங்காய்க் கடையின் மாடியில், சனி ஞாயிறுகளில் வகுப்பு நடத்திய தில்லைநாதன் விடைகளைச் சரிபார்த்துவிட்டுப் பேனாவை மூடினார். "ஒங்க அப்பாவுக்கு அது வெள்ளி. கேள்வி போட்டவருக்கு அது கோளு. வேல குடுக்கறது கேள்வி போட்டவரும்மா" என்றார். அவர் அந்தத் தேர்வை ஒன்பது முறை எழுதித் தோற்று, பிறகு சொல்லிக் கொடுக்க வந்தவர்.

ஆறாவது முறைதான் கடைசி என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். அதிலும் வராவிட்டால் எழிலரசி புத்தகங்களைக் கட்டிவைத்துவிட்டு மாமியாரோடு கருவாட்டுக் கூடை தூக்க வேண்டும். யாரும் கோபமாகப் பேசவில்லை. ராணியம்மாளுக்கு முட்டி தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான். தேர்வு ஆனி மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை, சிதம்பரத்தில்.

ராணியம்மாள் வீட்டில் வெள்ளிக்கிழமைக்குச் சில கட்டளைகள் உண்டு. விடிவதற்கு முன் வீடு துடைத்து, விளக்கேற்றி, விளக்கின் முன் உட்கார்ந்து நூற்றெட்டுப் போற்றி சொல்ல வேண்டும். மீன் வீட்டுக்குள் வரக் கூடாது. நகம் வெட்டக் கூடாது. வீட்டுப் பெண் ஆறு தாண்டி வெளியூர் போகக் கூடாது. இந்தக் கடைசிக் கட்டளைக்குக் காரணம் இருந்தது. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், கிள்ளையில் கட்டிக்கொடுத்த மகள் கலைமணியை ஒரு வெள்ளிக்கிழமை புருஷன் வீட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டாள் ராணியம்மாள். வெள்ளாறு தாண்டி பஸ் கவிழ்ந்தது. கலைமணி வீடு போய்ச் சேரவில்லை. அதைப் பற்றி ராணியம்மாள் பேசுவதில்லை. கட்டளையை மட்டும் சொல்வாள்.

நூற்றெட்டுப் போற்றி சொல்ல இருபது நிமிடம் ஆகும். எழிலரசி மூன்றரை மணிக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, வினோத்குமாருக்குச் சோறு கட்டிக் கொடுத்து, வீடு துடைத்துவிட்டு விளக்கின் முன் உட்காரும்போது கண் தானாக மூடிக்கொள்ளும். அந்த இருபது நிமிடம் படிப்புக்கு இருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றிவந்தது. மாசி முதல் வெள்ளியன்று கைடின் அறுபத்தோராம் பக்கத்தை மடியில் பிரித்து வைத்துக்கொண்டாள். போற்றியின் அதே ராகத்தில், அதே தாழ்ந்த குரலில், குங்குமத்தைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டபடி சொன்னாள். வெள்ளி கிழக்கிலிருந்து மேற்காகச் சுழலும். வெள்ளியின் ஒரு நாள் அதன் ஓர் ஆண்டைவிட நீளம். நூற்றெட்டு முறை சொன்னாள். கொல்லையில் கூடை கழுவிக்கொண்டிருந்த ராணியம்மாளுக்கு முணுமுணுப்பு மட்டும் கேட்டது. மருமகள் பக்தியாகச் சொல்வதாக நினைத்து நிம்மதியாக இருந்தாள். நூற்றெட்டாவது முறை சொல்லி முடித்தபோது எழிலரசியின் முதுகில் வெயில் பட்டது. அவள் கிழக்கு பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா எழிலு, கொல்லப் பக்கம் இன்னாத்துக்குக் காலைலயே வெய்யிலு அடிக்குது?" என்று ராணியம்மாள் உள்ளே வந்து கேட்டாள். எழிலரசி கைடை மூடிப் புடவைக்கடியில் வைத்துக்கொண்டாள். தெரியவில்லை என்றாள். துணி காயப்போடும் கொடியை இனி அந்தப் பக்கம் மாற்ற வேண்டும் என்று ராணியம்மாள் சொன்னாள். பிறகு வினோத்குமார் கூப்பிட்டு ஒரு சர்வேயர் வந்தார். திசைகாட்டியை வைத்துப் பார்த்து, வீடு நேராகத்தான் இருக்கிறது என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் வினோத்குமார் கடலிலிருந்து இரண்டு கிலோ சங்கரா கொண்டுவந்தான். ராணியம்மாள் வாசலிலேயே கையை நீட்டித் தடுத்தாள்.

"எம்மா, ஊரே சனிக்கெழம."

"ஊருக்குச் சனி. இவ ஏத்தின வௌக்குக்கு இன்னும் வெள்ளிதான். ஜன்னலப் பாரு, சூரியன் ஒரு சாண் ஏறல."

"அப்ப மீனு?"

"சௌந்தரத்துக்கிட்ட குடு. அவ ஊட்ல சனிக்கெழம."

பக்கத்து வீட்டு சௌந்தரம் அன்று மட்டுமல்ல, பிறகு நான்கு மாதமும் நன்றாகச் சாப்பிட்டாள்.

சூரியன் ஒரு நாளைக்கு மூன்று விரற்கடை ஏறியது. வீட்டுக்குள் இரவே இல்லை. ஜன்னலுக்குச் சாக்கு கட்டிவிட்டுத் தூங்கினார்கள். வெள்ளிக்கிழமை வீடு துடைக்க வேண்டும். எழிலரசி துடைத்துவிட்டு நிமிர்ந்தால் வெள்ளிக்கிழமையாகவே இருந்தது. மறுபடி துடைத்தாள். சூரியக் குடும்பத்தில் மிக வெப்பமான கோள் சூரியனுக்கு அருகில் உள்ள புதன் அல்ல, வெள்ளி என்று அறுபத்திரண்டாம் பக்கத்தில் இருந்தது. அதை அவள் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை. தரையில் வைத்த தண்ணீர்க் குடம் நண்பகலில் கை வைக்க முடியாதபடி இருந்தது. நண்பகல் பத்து நாள் இருந்தது. சௌந்தரம் வந்து அந்த வீட்டு மாடியில் மிளகாயும் வடகமும் காயவைத்து எடுத்துப் போனாள். மீன் காயவைக்க மட்டும் வழியில்லை, வெள்ளிக்கிழமை. அவ்வளவு வெயிலும் வீணாகப் போவதைப் பார்த்துக்கொண்டு ராணியம்மாள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

சிதம்பரத்துக்குப் போக முடியவில்லை. வகுப்பு ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. எழிலரசி தில்லைநாதனுக்கு போன் செய்தாள்.

"அய்யா, இந்த வாரமும் வர முடியல."

"ஏம்மா?"

"ஊட்ல வெள்ளிக்கெழம."

தில்லைநாதன் அதற்கு முன்பு பல காரணங்களைக் கேட்டிருக்கிறார். "எப்ப முடியும்?" என்றார்.

"கைடுல எர்நூத்தி நாப்பத்தி மூணு நாளுன்னு போட்டிருக்கு."

அவர் காலண்டரைப் புரட்டும் சத்தம் கேட்டது. "அப்ப பொரட்டாசி கடசி. பரிச்ச ஆனியிலம்மா."

"தெரியும்யா."

அவர் பாடங்களைப் பேசிப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். எழிலரசி துடைக்கும்போது கேட்டாள். ஒளியாண்டு தூரத்தின் அலகு, காலத்தின் அலகு அல்ல என்று அவர் குரல் நடுப்பகல் வீட்டுக்குள் சொன்னது. மாமியாரிடம் ஒருமுறை பேசிப் பார்த்தாள். பரீட்சைக்கு ஒரே ஒரு நாள் போய்வந்துவிடுவதாகச் சொன்னாள். ராணியம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாள். "வெள்ளிக்கெழம முடியட்டும், நானே பஸ் ஏத்தி வுடறேன்" என்றாள். வினோத்குமார் அம்மாவை எதிர்த்துப் பேசவில்லை. அக்காவை பஸ் ஏற்றிவிட்ட அன்று அவனும் கூடப் போயிருந்தான்.

முதல் நாளிலிருந்தே எழிலரசி தினம் காலை ஆறு மணிக்கு, ஜன்னல் வெளிச்சம் சுவரில் விழும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவந்தாள். சித்திரை பிறந்த மறுநாள் சூரியன் கிழக்கு ஜன்னலில் கடல் பக்கமாக இறங்கியது. கோடுகளை எண்ணினாள். ஐம்பத்தெட்டு. அன்றுதான் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. விசைப்படகுகள் துறைமுகத்தில் வரிசையாக நின்றன. வினோத்குமார் வீட்டுக்கு வந்து இருட்டில் உட்கார்ந்தான்.

மாலை வந்துவிட்டதால் விளக்கேற்ற வேண்டும். ஏற்றிய விளக்கு வெள்ளிக்கிழமை அணையக் கூடாது. எழிலரசி நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை திரி தூண்டி எண்ணெய் விட்டாள். தெருவில் வெயில் கொளுத்தும்போது உள்ளே டியூப்லைட் போட்டுப் படித்தாள். சித்திரைப் பௌர்ணமியன்று, மாலை ஏழு மணிக்கு, வினோத்குமார் மாடிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தான்.

"எழிலு, தெருவுல நெலா இருக்குது. நம்ம மாடியில காணோம்."

"வெள்ளிக்குத் துணைக்கோள் கெடையாது மாமா. புதனுக்கும் கெடையாது."

"வேற எதுக்குத்தான் இருக்குது?"

"செவ்வாய்க்கு ரெண்டு."

"அவனுக்கு ரெண்டு. நமக்கு ஒண்ணுகூட இல்ல" என்று சொல்லிவிட்டு அவன் சௌந்தரம் வீட்டுக்குச் சாப்பிடப் போனான். அவனுக்கு அதுதான் வழி. வீட்டில் அறுபத்தெட்டு நாளாகச் சாம்பார்.

அன்று எழிலரசி கோடுகளின் முன்னால் வெகுநேரம் நின்றாள். ஐம்பத்தெட்டு நாள் பகல் என்றால் இரவும் ஐம்பத்தெட்டு நாள் இருக்க வேண்டும். கொஞ்சம் முன்பின் இருந்தாலும் நூற்றுப் பதினேழுக்கு மேல் போகாது. கைடில் இருப்பது இருநூற்று நாற்பத்து மூன்று. தன் கணக்கில்தான் தவறு இருக்கும் என்று நினைத்தாள். ஐந்து முறை தோற்றவளுக்கு அப்படித்தான் முதலில் தோன்றும். மறுநாள் தில்லைநாதனைக் கேட்டாள்.

"ரெண்டும் சரிதாம்மா. அது ஒரு சுத்து சுத்தி முடிக்க எர்நூத்தி நாப்பத்தி மூணு நாளு. அது நட்சத்திரத்த வெச்சுப் பாக்கற கணக்கு. சூரியன வெச்சுப் பாத்தா வேற. அது சூரியனச் சுத்தி ஒரு பக்கம் ஓடுது, தன்னத்தானே எதிர்ப் பக்கம் சுத்துது. அதனால சூரியன் சீக்கிரம் வந்து நின்னுடும். ஒரு உதயத்துலேர்ந்து அடுத்த உதயம் நூத்திப் பதினேழு."

"ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன்யா சொல்லித் தரல?"

"விடைல எர்நூத்தி நாப்பத்தி மூணுதான் வரும். ரெண்டும் தெரிஞ்சவன்தான் தப்பாப் போடுவான். நான் ஒம்போது தபா அப்டித்தான் போட்டேன்."

எழிலரசி போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். ராணியம்மாள் இருட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அத்த, ஒரு நாளுன்னா எது? நட்சத்திரத்த வெச்சுச் சொல்றதா, சூரியன வெச்சா?"

"இன்னாடி கேள்வி இது? சூரியன் ஒதிச்சா நாளு. பஞ்சாங்கமே அப்டித்தான். நட்சத்திரத்தப் பாத்தா கோலம் போடுவாங்க?"

"அப்ப சூரியன் மறுக்கா ஒதிச்சா சனிக்கெழமதான?"

"பின்ன?"

"அப்ப நான் பரிச்சைக்குப் போலாமா?"

ராணியம்மாள் வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "ஒதிக்கட்டும், பாக்கறேன்" என்றாள்.

தேர்வுக்கு நான்கு நாள் முன்பு, ஊரில் ஒரு புதன்கிழமை காலை, மேற்கு ஜன்னல் வெளுத்தது. மூன்று பேரும் கொல்லைக் கதவைத் திறந்துவைத்து நின்றார்கள். சூரியன் தென்னைகளுக்குப் பின்னாலிருந்து மெதுவாக வந்தது. முழு வட்டமும் தெரியும்வரை ராணியம்மாள் காத்திருந்தாள். பிறகு மகனைப் பார்த்து, "போ, மீனு வாங்கினு வா" என்றாள். தடைக்காலம் இன்னும் முடியவில்லை. தடை இல்லாத சிறிய ஃபைபர் படகில் பிடித்த கிழங்கான்தான் கிடைத்தது. நூற்றுப் பதினேழு நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் மீன் குழம்பு கொதித்தது. மறுநாளைக்குத்தான் ருசி என்று ராணியம்மாள் பாதியை மூடி வைத்தாள். ஆனால் சனிக்கோள் பத்தரை மணி நேரத்தில் ஒருமுறை சுழன்றுவிடுகிறது. மறுநாள் அன்று மாலை ஐந்து மணிக்கே வந்துவிட்டது. எடுத்துச் சாப்பிட்டார்கள். நன்றாக இருந்தது.

அப்படி வந்தது ஞாயிறு. தேர்வு நாளன்று ஊரிலும் ஞாயிற்றுக்கிழமை. பல மாதங்களுக்குப் பிறகு வீட்டுக்கும் ஊருக்கும் ஒரே கிழமை. ராணியம்மாள் சொன்னபடி தானே கடலூர் பஸ் நிலையம் வந்து ஏற்றிவிட்டாள். பஸ் நகரும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெள்ளாறு தாண்டியதும் எழிலரசி போன் செய்தாள். "சரி, வை" என்றாள் ராணியம்மாள்.

நூற்று நாற்பத்து மூன்றாவது கேள்வி, வெள்ளிக் கோளின் ஒரு நாள் எவ்வளவு என்பது. இருபத்து நான்கு மணி. நூற்றுப் பதினேழு நாள். இருநூற்று இருபத்தைந்து நாள். இருநூற்று நாற்பத்து மூன்று நாள். எழிலரசி பேனாவைக் கீழே வைத்தாள். அந்த மண்டபத்தில் எழுதிய அறுநூறு பேரில் அந்த நூற்றுப் பதினேழு நாளையும் இருந்து பார்த்தவள் அவள் ஒருத்திதான். வீட்டுச் சுவரில் கோடுகள் இருந்தன. முழங்காலில் வீடு துடைத்துத் துடைத்து விழுந்த தழும்பு இருந்தது. மண்டபத்துக் கடிகாரத்தில் மூன்று நிமிடம் ஓடியது. போன முறை அப்பாவின் வெள்ளியை நம்பி எழுதினாள். பேனாவை எடுத்து, இருநூற்று நாற்பத்து மூன்றுக்கு நேரே வட்டத்தைக் கருப்பாக்கினாள். வெளியே கசியாமல், நன்றாக.

"இன்னா கேட்டாங்க?" என்றாள் ராணியம்மாள், எழிலரசி திரும்பி வந்ததும்.

"வெள்ளி எத்தினி நாளுன்னு கேட்டாங்க அத்த."

"அட, நம்ம ஊட்டுக் கேள்வி! இன்னா போட்ட?"

"எர்நூத்தி நாப்பத்தி மூணு."

"அடிப் பாவி! நூத்திப் பதினேழுதான? நானுந்தான கூட இருந்தேன்? சாம்பார் தின்னு தின்னு நாக்கு செத்துச்சே!"

"தெரியும் அத்த" என்றாள் எழிலரசி. உள்ளே போய்ப் பாயை விரித்தாள். சூரியன் தன்னைத் தானே சுற்ற இருபத்தைந்து நாள் ஆகிறது. வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தொடங்கி நான்கு நாள்தான் போயிருந்தது. மிச்சம் இருபத்தொரு நாளும் அவளை யாரும் எழுப்பவில்லை. சோறு வைத்தால் எழுந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினாள். ராணியம்மாள் வீட்டைத் தானே துடைத்தாள், முட்டியைப் பிடித்துக்கொண்டு.

அதன் பிறகு திங்கள் ஒரு மாதம் இருந்தது. செவ்வாய் ஊரைப் போலவே வந்து போனது, அரை மணி நேரம்தான் ஜாஸ்தி. புதன்கிழமை ஆடியில் தொடங்கித் தை வரை நடந்தது. அதன் நடுவில், புதன் கோளில் நடப்பதுபோலவே, சூரியன் நின்று, சில நாள் பின்னால் போய், மறுபடி முன்னால் வந்தது. அந்த வீட்டில் அதை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தேர்வு முடிவு அந்தப் புதன்கிழமையில் வந்தது. எழிலரசி ஒரே ஒரு கேள்வியில் உள்ளே வந்திருந்தாள். எந்தக் கேள்வி என்று தில்லைநாதன் கேட்கவில்லை. "வந்துட்டம்மா" என்றார். பிறகு, "எனக்குத் தூக்கம் வருது, நாளைக்குப் பேசறேன்" என்று வைத்துவிட்டார். அப்போது காலை பதினொரு மணி.

பணி ஆணை தை மாதத்தில் வந்தது. சிதம்பரத்தில் ஓர் அலுவலகம், இளநிலை எழுத்தர். வியாழக்கிழமை பத்து மணி நேரத்தில் முடிந்து, சூரியன் மறுபடி மேற்கு ஜன்னலில் வந்திருந்தது. இந்த முறை எழிலரசி விளக்கின் முன் போற்றியைத்தான் சொன்னாள். அதனால் ஒன்றும் மாறவில்லை. வேலையில் சேர வேண்டிய நாள் ஊரில் திங்கட்கிழமை. வீட்டில் வெள்ளி தொடங்கி நான்கு நாள்.

எழிலரசி குளித்து, பையில் ஆணையையும் சாம்பார் சாதத்தையும் வைத்துக்கொண்டு, கூடத்தில் நின்றாள். போகலாமா என்று இந்த முறை கேட்கவில்லை. ராணியம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சூரியன் தென்னைக்கு மேல் ஒரு முழம் ஏறியிருந்தது. வெகுநேரம் கழித்துச் சற்று நகர்ந்து வழிவிட்டாள்.

"போய்ட்டு வா. சாயங்காலம் வௌக்கு வெக்கறதுக்குள்ள ஊட்டுக்கு வந்துடணும். எத்தினி தபா வேணாலும் போ, வா. வௌக்கு வெக்கும்போது நீ இங்க இருக்கணும்."

"சரி அத்த."

"போன வெள்ளிக்கு இது எனக்குத் தோணல பாரு."

எழிலரசி தெருவில் இறங்கினாள். விளக்கு வைக்க இன்னும் ஐம்பத்து நான்கு நாள் இருந்தது.